மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு, உன் கம்ப்யூட்டரைப் பற்றி

கண்ணு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, அங்கே வெயில் எப்படி என்பதையெல்லாம் நேற்றே போனில் கேட்டுவிட்டேன். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன். முன்னறையில் நீ ஓடவிட்டுப் போயிருக்கிற அந்தப் பெரிய கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, கரண்ட் கம்மியாகத் தின்கிற சின்னது ஒன்றை உன் பெண்டாட்டி மஞ்சுளா வாங்கிக்கொள்வதற்கு நீ சரி என்று சொல்ல வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இன்றைக்குப் புதன். போனில் இந்தப் பேச்சை எத்தனை தரம் எடுத்தாலும் நீ "பாத்துக்கலாம்மா, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைக் கூப்பிடச் சொல்லிவிடுகிறாய். ரெண்டு வருஷக் காண்ட்ராக்டில் போனவன் எப்போது வந்து எதைப் பார்க்கப் போகிறாய்? அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். எழுதினதை நடுவில் மறித்துப் பேச உன்னால் முடியாது.

நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. எங்கள் ஊர் கௌதள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் நான் படித்த தமிழ், அவ்வளவுதான் என் சொத்து. மைசூரில் கன்னட ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த உன்னைச் சாயங்காலத்தில் உட்கார வைத்து அ, ஆ எழுதச் சொன்னபோது எப்படி அழுதாய்! "எதுக்கும்மா இது, பரீட்சையில வரவே வராது" என்றாய். இப்போது வந்திருக்கிறது பார். மஞ்சுளா கொள்ளேகாலில் கன்னடத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. பாப்பா தன்யாவும் அப்படித்தான். அதனால் சாப்பாட்டு மேஜையிலேயே விரித்து வைத்து எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்புவேன். அதற்கும் உன் மகள்தான் பழக்கிவிட்டிருக்கிறாள். "அஜ்ஜி, கை ஆடாம பிடி" என்று பாட்டியையே அதட்டுகிறாள். வகுப்பில் டீச்சரே அவளைக் கேட்டுத்தான் புரொஜெக்டர் போடுவார்களாம். நான் பெருமையடிக்கிறேன் என்று சொல்வாய். அடிக்கிறேன்தான், அதற்கென்ன இப்போது?

உட்கார்ந்து எழுதலாம் என்றால் அந்தச் சத்தம் விடமாட்டேன் என்கிறது. உஸ்ஸென்று ஒரு ராகம். மஞ்சுளா கடைக்குப் போயிருக்கிறாள், பாப்பா ஸ்கூலில் இருக்கிறாள், முன்னறையில் ஆளே இல்லை. ஆனாலும் அது ஓடுகிறது. நான் இந்த ரெண்டு பக்கம் எழுதுவதற்குள் எழுந்து போய் வாசலில் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்து என்ன ஆகப்போகிறது, ஒன்றுமில்லை. ஆனாலும் போகிறேன். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி ஆகிவிட்டேன்.

நீ அந்த மெஷினை ஜோடித்த நாளை நான் மறக்கவில்லை. பெங்களூரிலிருந்து அட்டைப் பெட்டிகளாகக் கொண்டுவந்து கட்டில் மேல் பரப்பினாய். எங்களில் யாரையும் கிட்டே விடவில்லை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிறேன், "அம்மா, அந்தச் சேலையோட பக்கத்துல வராதே, கரண்ட் பாயும், போர்டு போயிரும்" என்று கத்துகிறாய். ஒரு திருகாணி காணோம் என்று என் அரிசிப் பானை வரைக்கும் துழாவினாய். கடைசியில் அது உன் சட்டைப் பையிலேயே இருந்தது. எல்லாம் பூட்டி ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிப் பக்கம் வழியாகச் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகள் சுற்றின. அப்போதுதான் நஞ்சன்கூடு ஃபேக்டரியிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய உன் அப்பா டிபன் கேரியரைக் கூட இறக்கி வைக்காமல் நின்று பார்த்தார். "ஏன்டா, இதுக்கு எதுக்கு கல்யாண மண்டப லைட்டு?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்யாண வீடியோ, கல்யாண ஆல்பம் என்று சொந்தமாக ஸ்டூடியோ நடத்தினாய். நன்றாகத்தான் நடத்தினாய். அப்புறம் கடை வாடகையும் போட்டியும் சேர்ந்து உன்னை மஸ்கட்டுக்குக் கேமரா வேலைக்கு அனுப்பிவிட்டன. அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. இதை நான் முன்னாலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ விமானம் ஏறிய பிறகு மஞ்சுளா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே ஆல்பம் போடக் கற்றிருக்கிறாள், நமக்குத்தான் தெரியவில்லை. முதலில் அவள் தங்கச்சி கல்யாணத்து ஆல்பம். அதைப் பார்த்துவிட்டு இன்னொருத்தர். இப்போது ஸ்டூடியோக்காரர்களே போட்டோவை அனுப்பி வைக்கிறார்கள், இவள் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுக்கிறாள். வேலை வந்தது சந்தோஷம். ஆனால் கரண்ட் பில் விஷயம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நீ இருந்தபோது நீயே கட்டினாய், நாங்கள் யாரும் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை. நம் கர்நாடகத்தில் இருநூறு யூனிட்டுக்குள் இருக்கிற வீடுகளுக்கு ஜீரோ பில் வருகிறது, தாண்டினால் தாண்டினதுக்கு மட்டுமில்லை, முழுசுக்கும் கட்ட வேண்டும், இது உனக்கும் தெரியும். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஜீரோ. நமக்கு மட்டும் மாசா மாசம் நீளமாக ஒரு காகிதம். மீட்டர் பார்க்க வருகிற ஆள் கன்னடத்தில், "ஏனம்மா, வீட்டுக்குள்ள ஃபேக்டரி ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று சிரிக்கிறான். பக்கத்து வீட்டு ராஜம்மா காம்பவுண்டு மேல் தலையை நீட்டி, "நீங்கதான் வசதியானவங்களாச்சே" என்கிறாள். அவள் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

எனக்குத் தோன்றியதெல்லாம் கீசர். சுவரில் இருக்கிறதிலேயே பெரிய பொருள் அதுதானே. அதனால் மஞ்சுளாவைப் பிடித்துக்கொண்டேன். "பக்கெட்டுக்கு மேல ஒரு சொம்பு வேண்டாம்", "தலைக்குக் குளிக்கிற நாள்ல மட்டும் போடு" என்று ஒன்று மாற்றி ஒன்றாகச் சொன்னேன். ஆடி மாசத்துக் காற்றும் தூறலுமாக மைசூர் நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் அவள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். இருமல் வந்தபோதும் நான் "ஏசியில உக்காந்த மாதிரி ஃபேனுக்கு நேரா உக்காந்தா இருமல் வராம என்ன செய்யும்" என்றேன். அந்த ஃபேன் அவளுக்கு இல்லை, அந்த மெஷின் சூடாகிறது என்று அதற்கு நேராகத் திருப்பி வைத்தது. பில் ஒரு துளியும் குறையவில்லை. குறையாததற்கும் அவளையே பார்த்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. நீ இருக்கும்போது கேமராவுக்கும் மெஷினுக்கும் நீயே சந்தனம் வைத்து, மறுநாள் வரைக்கும் தொடமாட்டாய், ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷம் மஞ்சுளா எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். கம்ப்யூட்டருக்குச் செவ்வந்திச் சரம் சுற்றினாள். பொட்டு வைத்தாள். ஆனால் அதை அணைக்கவில்லை. "அது ஓடிட்டே இருக்குதே புள்ளே, ஓய்வு குடுக்க வேண்டாமா?" என்றேன்.

"அவரு எப்பவும் ஆஃப் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க அத்தை."

"சாமிக்கு முன்னால அவன் யாரு? அமத்து."

அவள் செவ்வந்திச் சரத்தை ஒதுக்கிக்கொண்டாள். அப்புறம் அணைத்தாள். வீட்டுக்குள் அந்த உஸ் நின்றதும், காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது. தெருவில் போகிற தள்ளுவண்டிக்காரன் குரல் கூட உள்ளே கேட்டது. நான் குங்குமக் கிண்ணத்தோடு கிளம்பினேன். மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை, தன்யாவின் சைக்கிள் என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டேன். நமக்கு இவ்வளவு கொடுக்கிறதே, மீட்டரை மட்டும் விடுவானேன் என்று அதற்கும் சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். வைக்கும்போதுதான் பார்த்தேன். அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருக்கிறது அல்லவா, கண் சிமிட்டுகிற மாதிரி விட்டுவிட்டு எரியும். மற்ற நாளில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒன்று எரிந்தது, அடுத்தது வரும் வரும் என்று நிற்கிறேன், வரக் காணோம். பிரிட்ஜ் ஓடுகிறது. பூஜைக்காக எல்லா ரூமிலும் லைட் எரிகிறது. டீவியில் தசரா ஊர்வலத்து ஏற்பாடெல்லாம் காட்டுகிறார்கள். ஆனாலும் அது நிதானமாகச் சிமிட்டுகிறது.

மறுநாள் பூஜை கலைத்து மெஷினைப் போட்டதும் நான் வாசலுக்கு ஓடினேன். படபடவென்று ஆரம்பித்துவிட்டது. "அமத்து" என்று அங்கிருந்தே கத்தினேன். நின்றது. "போடு" என்றேன். ஓடியது. மீட்டருக்கும் ரூமுக்கும் நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு மஞ்சுளா, "ஏனுங்க அத்தை, மீட்டருக்குப் பிரதட்சணமா?" என்று கேட்டாள். கீசரையும் போடச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் வெறி பிடித்த மாதிரி அடித்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் சூடானதும் அது தானாக அடங்கிவிட்டது. அடங்காதது உன் மெஷின் ஒன்றுதான். ராத்திரியும் பகலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அன்றைக்குச் சாயங்காலம் நானே கீசரைப் போட்டு, தண்ணீர் எடுத்து வைத்து, மஞ்சுளாவிடம் "போய்க் குளி" என்றேன். அவளுக்குப் புரிந்தது. "இப்ப எதுக்குங்க அத்தை, விஜயதசமிக்கு ஸ்பெஷலா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த ஆயுத பூஜையன்று நீ என்ன செய்தாய் தெரியுமா? பொங்கல் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "மெஷின் ஏன் ஆஃப்ல இருக்கு?" என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பினாய்.

அதற்கப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தன்யாவின் டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். "ஏப்பா, மிச்சத்தை உள்ளே வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "அஷ்டே அம்மா, இவ்வளவுதான்" என்று சிரித்தார். லேப்டாப்புக்குள் இருக்கிற மாதிரிச் சாமான்தான் அதற்குள் இருக்கிறதாம், அதனால் கரண்டும் அந்த அளவுதான் எடுக்குமாம், நம் திரையையே இதில் சொருகிக்கொள்ளலாமாம். விற்கிறவர் அப்படித்தான் சொல்வார், நான் நம்பவில்லை. "ஒரு மாசம் எங்க வீட்டுல ஓடட்டும், மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். தெரிந்த முகம் என்பதால் கடையில் ஓட்டிக் காட்ட வைத்திருந்த ஒன்றைக் கொடுத்தார். மஞ்சுளா வெட்கத்தில் கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டாள்.

உனக்கு இது தெரியாது. கார்த்திகை முழுக்க மஞ்சுளா அந்தச் சின்னதில்தான் வேலை செய்தாள். பெரியதை, நீ அங்கிருந்தே நெட் வழியாக அதற்குள் வருகிற நேரத்துக்கு மட்டும் எழுப்பி வைத்தாள். ஆல்பம் வேலை ஒன்றும் நிற்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஒரு கல்யாண வீடியோ செய்தபோது பெரியதை விட நேரம் அதிகம் எடுத்தது. நீ செய்கிற மாதிரிப் பூ பறக்கிறது, பெயர் சுழல்கிறது, அந்த வித்தையெல்லாம் அதில் மூச்சு வாங்குமாம். கடைக்காரரே சொன்னார். ஆனால் மஞ்சுளா செய்வது ஆல்பம். அதற்கு அது போதும். கரண்ட் போனால் முன்பு அந்த யூபிஎஸ் கீ கீ என்று அலற, இவள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து சேவ் பண்ணுவாள். இந்தச் சின்னதுக்கு அதே யூபிஎஸ் பொறுமையாகத் தாங்குகிறது. ஒரு நாள் கரண்ட் இல்லாமலே ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ரூமில் சூடும் இல்லை. தன்யா அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அந்த மாசம் மீட்டர்காரன் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஃபேக்டரி மூடிட்டீங்களா அம்மா?" என்றான். ஜீரோ. நான் அந்தக் காகிதத்தோடு காம்பவுண்டு ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன், ராஜம்மா வரட்டும் என்று.

அவ்வளவு நன்றாக இருந்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "வாங்கிக்கறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அவரு சொல்லாம முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். "உன் சம்பாத்தியம், உன் வேலை, அவனை எதுக்குடி கேக்கோணும்?" என்றேன்.

"அவரு கையில ஜோடிச்ச மெஷினுங்க அத்தை. அதை நிறுத்திட்டா, அவரு எங்கே வருவாரு?"

கண்ணு, நீ வருவதை நானும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் உனக்கு வேலை முடிந்ததும் இங்கே திரையில் அந்த அம்புக்குறி தானாக நகரும். தன்யா உடனே, "அஜ்ஜி, அப்பா வந்துட்டார்" என்று கூவுவாள். செருப்பை வாசலில் விட்டு யாரோ உள்ளே வந்த மாதிரி மஞ்சுளா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளி உட்காருவாள். நீ உன் பழைய கல்யாண வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறப்பாய். கொஞ்ச நேரம் ஓடவிடுவாய். மூடுவாய். யார் யார் வீட்டுக் கல்யாணமோ. பேச்சு இல்லை, போன் இல்லை, அம்புக்குறி மட்டும் அலையும். அப்புறம் நின்றுவிடும். "அப்பா போய்ட்டார்" என்பாள் குழந்தை.

ஒரு நாள் உன் அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைத் திறந்தாய். நான் அடுக்களையிலிருந்து எதற்கோ வந்தவள், போய்ச்சேர்ந்த மனுஷன் திரையில் நிற்கிறதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சத்தம் வைக்கவில்லை. அவர் மாலையைச் சரி செய்துகொள்கிறார், என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார், நான் முறைக்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியுமா? "இந்தத் தடவையாவது தலையை நிமித்துடி, போட்டோ நல்லா வரோணும்" என்றார். நீ அங்கே தனியாக உட்கார்ந்து பார்த்தாய், நான் இங்கே நின்று பார்த்தேன். போனில் கூப்பிட்டிருந்தால் சேர்ந்து பார்த்திருப்போம், நான் சொல்லியிருப்பேன். நான் பின்னால் நிற்பது அந்த அம்புக்குறிக்குத் தெரியாதே.

இதுவரைக்கும் சரி. பெற்ற பிள்ளை வீட்டு ஞாபகத்தில் வருகிறான், கரண்ட் போனால் போகட்டும் என்று நானும் இருந்துவிடுவேன். ஆனால் மார்கழியில் நீ ஒரு காரியம் செய்தாய். மஞ்சுளா ஒரு பெண்ணின் முகூர்த்தப் பக்கத்தை வெளிர் மஞ்சளில் போட்டிருந்தாள். காலையிலிருந்து அந்த ஒரு பக்கத்துக்கே உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் புடவை மஞ்சள், அது அமுங்கிவிடக் கூடாது என்று என்னையும் கூப்பிட்டு, "இது பரவாயில்லீங்களா, அது பரவாயில்லீங்களா" என்று கேட்டுக் கேட்டுச் செய்தாள். சாயங்காலம் நீ வந்தாய். அந்தப் பக்கத்தைத் திறந்தாய். மஞ்சளை எடுத்துவிட்டுக் கருஞ்சிவப்பைப் போட்டாய், எழுத்தை மாற்றினாய், மூடிவிட்டுப் போய்விட்டாய். ஒரு வார்த்தை இல்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்! மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "அவருக்கு அனுபவம் ஜாஸ்திங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அப்படியே அனுப்பினாள். நீ மாற்றினது நன்றாகவே இருந்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. அன்றைக்கு அவள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே இருந்தாள், அது எனக்குத் தெரியும்.

உன் அப்பாவும் இப்படித்தான் ஒருமுறை செய்தார். நீ அப்போது கல்யாண சீசனில் கேமராவோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாய், உனக்குச் சொல்லவில்லை. ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன பிறகு, அவர் ஓட்டின மெஷினை இன்னொருத்தருக்குக் கொடுத்தார்கள். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் ரயிலேறி நஞ்சன்கூட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சோறு வேண்டாம் என்றார். "ஏனுங்க, அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் ஓட்டறான். ஸ்டூலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டான். எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலை."

மறுபடியும் போனார். மறுபடியும் போனார். கடைசியில் கேட்டில் வாட்ச்மேன், "என்ன அண்ணா, ஏதாவது மறந்து வெச்சிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு இப்போது தோன்றுகிறது, அந்த ஆள் பயந்துகொண்டு ஸ்டூலைப் பழைய இடத்திலேயே போட்டு, ஒவ்வொன்றுக்கும் இவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் உன் அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். ஆனால் அந்த ஆள் தொழிலாளியாக ஆகியிருக்க மாட்டார். மஞ்சுளா உன் ஸ்டூலை நகர்த்தவே இல்லை, கண்ணு. நீ வைத்த இடத்திலேயே முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது வெள்ளிக்கிழமை விஷயம். நஞ்சன்கூட்டில் ஒரு ஸ்டூடியோக்காரர், தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிட்டன, இனிமேல் எங்கள் ஆல்பம் மொத்தமும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை நேரில் வந்து பதில் சொல்லச் சொன்னார். அந்தப் பெரிய மெஷினை வைத்துக்கொண்டு அவ்வளவு வேலையை எடுக்க முடியாது. பகல் முழுக்க முழு மூச்சாக ஓட்டினால் இப்போது வருகிற பில்லுக்கு மேல் பில் வரும், உழைப்பில் பாதியைக் கரண்டுக்கே கொடுக்க வேண்டும். வெயில் காலம் வந்தால் அந்த ரூமில் உட்காரவே முடியாது. கரண்ட் போனால் வேலையும் போகும். நேற்றுக் காலை மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்: "போயி இல்லேன்னு சொல்லிட்டு வந்தர்றனுங்க அத்தை. போன்ல சொன்னா மரியாதை இல்லை." நான் கத்தினேன். அவள் மாவைத்தான் பார்த்தாள். உன்னிடம் ஒரு தரம் கேட்டுவிட்டாளாம், நீ "நான் வந்து பாத்துக்கறேன்" என்றாயாம். அதற்கு மேல் கேட்கமாட்டாள். அவள் குணம் உனக்குத் தெரியாதா?

அதனால் சொல்கிறேன் கேள். உன் மெஷினை விற்கச் சொல்லவில்லை. துணி போட்டு மூடிப் பரண் மேல் வைக்கிறோம், நீ வந்து எடுத்துக்கொள். உன் வீடியோக்கள் எல்லாவற்றையும் மஞ்சுளா தனியாக ஒரு டிஸ்கில் ஏற்றி, கல்யாண வீட்டார் பெயர் எழுதி வைத்திருக்கிறாள், அப்பாவுடையது உட்பட. நீ வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் போன் இருக்கிறது. முகம் தெரிகிற மாதிரிக் கூப்பிடு. உன் மகளுக்கு நீ ஒரு அம்புக்குறியாக ஞாபகம் இருக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது. நடுவில் எத்தனை தரம் எழுந்தேன், எத்தனை தரம் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சரி என்றால் என்னிடம் சொல்லாதே. நான் போய் அவளிடம் சொன்னால், மாமியார் வாங்கிக் கொடுத்த சம்மதம் ஆகிவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் வழக்கம் போல் நீ உள்ளே வரும்போது அவள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். முதலில் அவளுக்குப் போன் போடு. போட்டு, "பாத்துட்டு இரு" என்று சொல். அங்கிருந்தே அந்த மெஷினை முறையாக அணைக்க உன்னால் முடியுமாமே. நீ ஜோடித்தது, நீயே அணை. திரை கறுத்து, அந்தச் சத்தம் நின்று, முன்னறை அமைதியாகும். அப்போது போனை வைத்துவிடாதே. அவசரப்பட்டு நீயும் ஒன்றும் பேசாதே. கொஞ்ச நேரம் கழித்து அவள் ஏதாவது சொல்லுவாள். அதைக் கேள்.

உன் அம்மா